அந்த ஃபோன் யார் கையில் இருந்தது?

அன்புள்ள சார்,

ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. மழை விடாத ஒரு வாரத்தில் மன்மோகன் சிங் பற்றி இரண்டு புத்தகங்களைப் படித்து முடித்தேன். ஒன்று சஞ்சய பாரு எழுதிய ‘தி ஆக்சிடென்டல் பிரைம் மினிஸ்டர்’. மற்றது மன்மோகனின் மகள் தமன் சிங் எழுதிய ‘ஸ்ட்ரிக்ட்லி பர்சனல்’. இரண்டிலும் வருவது ஒரே ஆள்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. என் மாமா வேறு, “1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தில் எல்லாம் செய்தது பிரதமர் நரசிம்ம ராவ், நிதியமைச்சரான இவர் கையெழுத்துப் போட்டவர்” என்கிறார். அப்பாவுக்கு மன்மோகன் என்றால் உயிர். “காபி வாரியத்தின் பூல் (pool) ஏற்பாட்டை ஒழித்து, விளைச்சலை நாமே விற்க விட்டு நம்மைக் காப்பாற்றினவர்” என்பார். யாரை நம்புவது?

(பெயர் வேண்டாம்), ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

ஆள் ஒருவர்தான். காலம்தான் வேறு. அடுத்தடுத்துப் படித்ததில் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். தமன், அப்பா 2004இல் பிரதமராகும் இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பாரு அங்கேதான் தொடங்குகிறார். ஆக, நீங்கள் படித்தது ஒரு வாழ்க்கையின் முன்பாதியும் பின்பாதியும்.

பின்பாதி என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. பாரு பிரதமரின் ஊடக ஆலோசகராக இருந்தது 2004 முதல் 2008 ஆகஸ்ட் வரை. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காக அந்த வருடம் ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு வரை போன மன்மோகனை அவர் கிட்டத்தில் நின்று பார்த்தார். அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது. 2ஜி விவகாரம் வெடித்தபோது அவர் அந்த அலுவலகத்தில் இல்லை. வெளியே நின்று பார்த்த வருடங்களின் கசப்பு, உள்ளே இருந்த வருடங்களின் மேலும் கொஞ்சம் ஊறிவிட்டது என்பது என் வாசிப்பு. புத்தகம் வந்தது 2014 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது. கற்பனை வாடை அடிக்கிறது என்று பிரதமர் அலுவலகம் அறிக்கை விட்டது. அதற்கு அப்புறம் யார் நிதானமாகப் படித்தார்கள்? பாதிப் பேர் அட்டையைப் பார்த்தே சந்தோஷப்பட்டார்கள், மீதிப் பேர் அட்டையைப் பார்த்தே கோபப்பட்டார்கள்.

தமன் புத்தகம் எனக்குப் பிடிக்கும். முட்டை வேகவைக்கத் தெரியாத, டிவி போடத் தெரியாத அப்பா. தெரிந்தவர் எல்லோருக்கும் ரகசியமாகப் பட்டப்பெயர் வைக்கும் அப்பா. கேம்பிரிட்ஜில் உதவித்தொகைப் பணம் தாமதமானால் ஆறு பென்ஸ் கேட்பரி சாக்லேட்டில் ஒரு வேளையை ஒப்பேற்றுவாராம். யாரிடமும் கடன் கேட்கக் கூச்சம். இந்தச் சாக்லேட் எந்த ஆலோசகருக்கும் கிடைக்காது. ஆனால் மகளுக்கு அப்பாவின் அலுவலகக் கதவுக்குள் நுழைய வழியில்லை. பொருளாதார விஷயம் வரும்போது அவரும் நம்மைப் போல நூலகத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் மாமா. அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நிதியமைச்சர் பதவிக்கு ராவ் முதலில் கேட்டது ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஐ.ஜி. படேலை. அவர் மறுத்த பிறகுதான் மன்மோகன். 2016இல் வினய் சீதாபதி, ராவின் சொந்தக் காகிதங்களைப் பார்த்து எழுதிய ‘ஹாஃப் லயன்’ புத்தகத்தில் மேடை நடுவே நிற்பவர் ராவ்தான். மாமாவிடம் அதைக் கொடுத்தால் சந்தோஷத்தில் தலைகீழாக நிற்பார். கொடுப்பதற்கு முன் 1991 ஜூலை 3ஆம் தேதிக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்நியச் செலாவணி நெருக்கடி. ரூபாய் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைப்பதாகத் திட்டம். முதல் தவணை ஜூலை 1. எதிர்ப்புக் கிளம்பியதும் ராவுக்கு உதறல் எடுத்துவிட்டது. இரண்டாவதை நிறுத்தச் சொல்லி மன்மோகனிடம் சொல்கிறார். மன்மோகன் மும்பையில் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த ரங்கராஜனுக்கு ஃபோன் போடுகிறார். அதற்குள் அறிவிப்பு வெளியே போய்விட்டது. ‘குதித்தாயிற்று’ என்பதுதான் பதில். இந்தக் காரியத்துக்கு அவர்கள் வைத்திருந்த சங்கேதப் பெயரே ‘ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்’! அப்போது பிரதமர் அலுவலகத்தில் இருந்த ஜெய்ராம் ரமேஷ் 2015இல் இதை எழுதினார். அவர் கதையில் ராவ் தயங்குகிறார், தாமதமாகிவிட்டது என்று கேட்டு மன்மோகனுக்கு உள்ளுக்குள் நிம்மதி. ரங்கராஜன் 2022இல் தன் நினைவுக்குறிப்பை வெளியிட்டார். அவர் சொல்லும்போது அது குதித்தவரின் கதை. ஒரே ஃபோன்தான். பேசியவர், பேசச் சொன்னவர், கேட்டவர் என்று மூன்று பேர். யார் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறோமோ அவர் வீரராகிவிடுகிறார்.

நான் இருப்பது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். கொலுசுப் பட்டறைத் தெரு. அதே ஜூலையில் நாடு 47 டன் அளவுக்குத் தங்கத்தை வெளியே அடகு வைத்தது என்று சொன்னால் இங்கே யாருக்கும் உரை எழுத வேண்டியதில்லை. அடகுக்கடைப் படியில் ஏறும்போது மூட்டையைப் பிடித்திருப்பது ஒருவர், போகச் சொன்னது இன்னொருவர். மீட்டதும் வீட்டில் பெயர் யாருக்கு என்று ஒரு சண்டை நடக்குமே, அதுதான் இந்தப் புத்தகங்கள்.

அப்பா விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். கோபப்படாமல் சொல்லுங்கள். காபி வாரியம் நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லை, வர்த்தக அமைச்சகத்தின் கீழ். பூலும் ஒரே நாளில் ஒழியவில்லை. 1940களிலிருந்து விளைந்ததையெல்லாம் வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தவணை தவணையாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு, 1992இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 1996இல்தான் முழுசாக விலகியது. காற்று 1991இல் திரும்பியது என்ற அளவில் அப்பா சொல்வது சரி. ஆனால் பூல் போனதோடு, விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்க இருந்த ஒரே ஆளும் போய்விட்டார். 2000ஐ ஒட்டி உலகச் சந்தையில் காபி விலை படுத்தபோது அது உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். அந்த வருடங்களில் அப்பா மன்மோகனைப் பற்றி என்ன சொன்னார்?

டெல்லியிலிருந்து எழுதும் வாழ்க்கை வரலாற்றில் இதற்கு அரைப் பக்கம் கிடைத்தால் அதிகம். அப்பா பழைய பூல் ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாரா? இருந்தால் வருடவாரியாக அடுக்கி, எந்தத் தவணை எப்போது கைக்கு வந்தது என்று அவரிடமே கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். கீழே இறங்கும்போது நேரில் கொண்டுவந்தாலும் சரி, ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்