பெரிய சக்கரமும் அடகில் இருக்கும் நகையும்

கேள்வி: மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். மனைவியும் வேலை பார்க்கிறார். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 1,35,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000 ரூபாய். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் எஸ்யூவி ஒன்று வாங்குவதற்கு முன்பணமாக 7 லட்சம் சேர்த்திருக்கிறோம். 17 அங்குலச் சக்கரம் கொண்ட வேரியன்டின் ஷோரூம் விலை 18,80,000 ரூபாய். 18 அங்குல அலாய் வீலுடன் வரும் உயர் வேரியன்டின் விலை 20,40,000 ரூபாய். உயர்ந்ததையே எடுத்து, வெளியில் 85,000 ரூபாய் செலவில் வண்டியின் உயரத்தைக் குறைக்கும் விறைப்பான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட வேண்டும் என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். 9.5 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடன் எடுத்தால் மாதம் 2,600 ரூபாய்தான் கூடும் என்கிறார் ஷோரூம் விற்பனையாளர். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுவோம். 74 வயதாகும் அப்பாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம் இருப்பதால் தயக்கமாக இருக்கிறது. மைத்துனரின் கடைக்காக 9 சதவீத வட்டியில் வாங்கிய 3 லட்சம் ரூபாய் நகைக்கடன் ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளாக வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிடுவதால் அதில் தொந்தரவு இல்லை. எந்தச் சக்கரம், எந்த சஸ்பென்ஷன் (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பு) எடுக்கலாம்?

பதில்: 17 அங்குலச் சக்கரமும் கம்பெனியே பொருத்தித் தரும் சஸ்பென்ஷனும் போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது சக்கரத்தைப் பற்றிய கேள்வி அல்ல. நகைக்கடனைக் குறிப்பிட்டுவிட்டு ‘அதில் தொந்தரவு இல்லை’ என்று நீங்கள் எழுதியிருக்கும் சொற்கள்தான். எந்தச் செலவையும் ‘மாதம் எவ்வளவு’, ‘ஆண்டுக்கு எவ்வளவு’ என்று மட்டும் பார்த்து, மொத்தத் தொகையைப் பார்க்காமல் கடந்துபோகும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. ஷோரூமில் 2,600 ரூபாய் சிறிதாகத் தெரிந்ததற்கும், நான்கு ஆண்டுகளாக நகை வங்கியிலேயே இருப்பதற்கும் அந்தப் பழக்கமே காரணம்.

அந்த 2,600 ரூபாயையே முதலில் பார்ப்போம். 9.5 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கான தவணை ஏறத்தாழ 1,635 ரூபாய் ஆகும். இரண்டு வேரியன்டுகளுக்கும் இடையிலுள்ள 1,60,000 ரூபாயை இதன்படி கணக்கிட்டால் 2,600 ரூபாய் சரியாகவே வருகிறது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை; ஷோரூம் விலையோடு கணக்கை நிறுத்திக்கொண்டார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் சாலை வரியின்படி, 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதிய காருக்கு 18 சதவீதமும், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதமும் கட்ட வேண்டும். அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். முதல் வேரியன்டுக்கு 3,38,400 ரூபாய் வரி, உயர் வேரியன்டுக்கு 4,08,000 ரூபாய் வரி, ஆக வரியில் மட்டுமே 69,600 ரூபாய் கூடுகிறது. காப்பீட்டில் தோராயமாக 6,000 ரூபாயையும் வெளியில் போடும் ஸ்பிரிங் செலவான 85,000 ரூபாயையும் சேர்த்தால், மொத்த வித்தியாசம் 3,20,000 ரூபாயைத் தாண்டுகிறது. இத்தனையும் இதே வட்டியில் கடனாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் கூடுதல் தவணை மாதம் 5,240 ரூபாய். ஏழு ஆண்டுகளில் நீங்கள் கட்டி முடிப்பது ஏறத்தாழ 4,40,000 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 215/60 ஆர்17 அளவுள்ள டயரில் (அகலம் 215 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 17 அங்குலம்), ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ரப்பர் சுவர் சுமார் 129 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். 225/50 ஆர்18 அளவில் அது 112 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது இந்தச் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அதைக் குறைத்து, அதற்கு மேல் விறைப்பான ஸ்பிரிங்கையும் வைத்தால், வண்டி திருப்பத்தில் சாயாமல் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் எழும் உதறல் நேராக உங்கள் அப்பாவின் முதுகுக்குப் போகும். உங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. அதை மைத்துனரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகவே கூடுதல் விலை கொடுத்து ஹைப்ரிட் வாங்குகிறீர்கள். பெரிய சக்கரம் அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் காரின் முன்சக்கர இயக்க வகையில், 17 அங்குலச் சக்கரமுள்ள அடிப்படை வேரியன்டுக்கு அந்நாட்டு அரசின் மதிப்பீடு கேலனுக்கு 57 மைல். 19 அங்குலச் சக்கரத்துடன் வரும் உயர் வேரியன்டுகளுக்கு 52 மைல். எஞ்சின் ஒன்றுதான்; சக்கரத்தின் அளவும் கொஞ்சம் கூடுதல் எடையும்தான் முக்கிய வேறுபாடு. உங்கள் விஷயத்தில் ஒரு அங்குலம்தான் கூடுகிறது என்பதால், பெட்ரோல் செலவு 5 சதவீதம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர், விலை 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 75,000 ரூபாய் பெட்ரோலில் 3,750 ரூபாய் போகிறது. டயருக்கு 4,000 ரூபாய் கூடுதல் என்று கொண்டாலும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நான்கையும் மாற்றும்போது ஆண்டுக்கு இன்னொரு 5,300 ரூபாய் ஆகிறது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 9,000 ரூபாய். இது எந்தத் தவணைக் கணக்கிலும் வராது.

பள்ளத்தில் இறங்கி டயர் மட்டும் கிழிந்தால் வழக்கமான காப்பீடு அதற்குப் பணம் தராது. வண்டியின் வேறு பகுதிகளும் அதே விபத்தில் சேதமடைந்தால்தான் டயரின் விலையில் 50 சதவீதம் வரை கிடைக்கும். டயருக்கும் ரிம்முக்கும் தனிப் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் காப்பீட்டை இப்போது எல்லோரிடமும் விற்கிறார்கள். சுவர் உயரமான டயரை வைத்திருப்பவருக்கு அதன் தேவை மிகவும் குறைவு.

வெளியில் ஸ்பிரிங் மாற்றுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து விலகும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டை மறுக்க அவர்கள் காட்டும் முதல் காரணமாகிவிடும். அந்த மாற்றத்தால் பழுதாகும் பாகங்களுக்கு கம்பெனியின் உத்தரவாதமும் கிடைக்காது. கடன் வாங்கிய பணத்தில் இதைச் செய்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

தவணை கூடுகிறது என்று நீங்கள் தயங்கினால், கடைசியில் ஒரு பெருந்தொகையைக் கட்டும் பலூன் திட்டத்தை ஷோரூமில் எடுத்துக் காட்டுவார்கள். வரி, காப்பீடு, ஸ்பிரிங் செலவு எல்லாம் சேர்த்து, முன்பணம் போக, உயர் வேரியன்டுக்கு நீங்கள் வாங்க வேண்டியிருக்கும் 19,20,000 ரூபாய்க் கடனில் 4 லட்சத்தைக் கடைசிக்குத் தள்ளினால், தவணை 31,400 ரூபாயிலிருந்து 28,000 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 1,15,000 ரூபாய்க்கு மேல் கூடும். ஏழாம் ஆண்டு முடிவில், பழையதாகிவிட்ட காருக்காக 4 லட்சம் ரூபாயை மொத்தமாகப் புரட்ட வேண்டியிருக்கும். மாதத் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்ட திட்டம் இது. தயவுசெய்து அதில் கையெழுத்திடாதீர்கள்.

இப்போது நகைக்கு வருகிறேன். 3 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 27,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 1,08,000 ரூபாய் வட்டி கட்டிவிட்டீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்கவிருந்த தொகையும் இந்த அசலும் ஏறத்தாழ ஒன்றே. யாருடைய கடைக்காக நகை அடகில் இருக்கிறதோ, அவரே இன்னும் 3 லட்சம் செலவழிக்கச் சொல்கிறார் என்பதை மனைவியுடன் உட்கார்ந்து அமைதியாகப் பேசுங்கள். மைத்துனரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கார்கள் மீது உண்மையான ஆர்வம் இருக்கலாம். ஆனால் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது.

முதல் வேரியன்டை எடுத்து, மிச்சமாகும் 5,240 ரூபாயோடு பெட்ரோலிலும் டயரிலும் மிச்சமாவதையும் சேர்த்து, மாதம் 6,000 ரூபாயை நகைக்கடனுக்குக் கட்டி வந்தால் ஐந்தேகால் ஆண்டுகளில் அது அடைந்துவிடும். கார் கடன் முடிவதற்கு முன்பே நகை வீட்டுக்கு வந்துவிடும். மைத்துனர் மாதம் 3,000 ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டால் மூன்றேகால் ஆண்டுகளே போதும். அதை அவரிடம் கேட்பதில் தவறில்லை. கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து.

முன்பதிவு செய்வதற்கு முன், இரண்டு வேரியன்டுகளுக்கும் வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். சோதனை ஓட்டத்தின்போது அப்பாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, புறவழிச்சாலையில் அல்லாமல் உங்கள் தெருவின் வேகத்தடைகள் மீது ஓட்டச் சொல்லுங்கள். மறுநாளே நகைக்கடன் வைத்திருக்கும் கிளைக்குச் சென்று, மாதந்தோறும் அசலில் பகுதித் தொகை கட்டலாமா என்று கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால், அடுத்த முறை மாற்றி வைக்கும்போது தவணை முறையில் அடைக்கும் நகைக்கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.