வாசகர் கேள்வி–பதில்: அந்தப் பில்லைக் கட்டுவது யார்?

போன இதழில் டிஜிட்டல் மருத்துவ நிறுவனங்களின் பங்குகளைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பணத்தை இழந்தவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், அந்தச் செயலிகளை நோயாளிகளாகப் பயன்படுத்துபவர்கள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

"2021 தொடக்கத்தில், ஏறக்குறைய உச்ச விலையில் டெலடாக் ஹெல்த் பங்குகளை வாங்கினேன். வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. நான் கணித்தது நடந்துவிட்டது, பங்கு மட்டும் எழுந்திருக்கவே இல்லை. ஏன் மேடம்?" (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

உங்கள் கணிப்பு சரிதான் சார். ஆனால் மக்கள் ஒன்றைப் பயன்படுத்துவார்களா என்பதும், அதிலிருந்து அந்த நிறுவனம் சம்பாதிக்குமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். மருத்துவத் துறையில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மற்ற துறைகளைவிட அதிகம்.

டெலடாக் 2015 ஜூலையில் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது, வெளியீட்டு விலை 19 டாலர். 2021 பிப்ரவரியில் 300 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கி, 2024-இல் பத்து டாலர் அளவுக்கு வந்துவிட்டது, வெளியீட்டு விலைக்கும் கீழே. நடுவில் நடந்த பெரிய சம்பவம் லிவோங்கோவை வாங்கியது. சர்க்கரை நோயாளிகளின் அளவீடுகளைக் கருவி மூலம் வாங்கி ஆலோசனை சொல்லும் நிறுவனம் அது. 2020 ஆகஸ்டில் 1,850 கோடி டாலர் என்று விலை பேசினார்கள். அதில் பெரும்பகுதி ரொக்கமாகத் தரப்படவில்லை, டெலடாக்கின் சொந்தப் பங்குகளாகவே தரப்பட்டது. பங்கு உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரம் என்பதால், கணக்குப் புத்தகத்தில் 'நற்பெயர்' என்ற தலைப்பில் பிரம்மாண்டமான ஒரு தொகை ஏறியது. வாங்கிய நிறுவனத்தின் தனித்தனியாக மதிப்பிடக்கூடிய சொத்துகளுக்கு மேல் கொடுத்த விலை அது. பங்கு விழுந்ததும் அந்தத் தொகையைக் குறைத்து எழுத வேண்டி வந்தது. 2022-இல் மட்டும் சுமார் 1,340 கோடி டாலர் இப்படி எழுதித் தள்ளப்பட்டது. அந்த ஆண்டின் மொத்த வருவாயே ஏறத்தாழ 240 கோடி டாலர்தான்.

செய்திகள் இத்தோடு நின்றுவிட்டன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பத்திரிகைக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில் இருந்தவள் நான். அங்கே ஒவ்வொரு கோப்பிலும் நான் முதலில் தேடியது இந்தப் பில் யாருக்குப் போகிறது என்பதைத்தான். இன்றும் ஒரு மருத்துவ நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் கண் அங்கேதான் போகிறது.

டெலடாக்கின் ஒரு பாதியில் பில் நோயாளிக்குப் போவதில்லை. முதலாளிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு உறுப்பினருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டுகிறார்கள். அவர்களுக்குத் தேர்வுகள் பெருகிவிட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் பல மருத்துவமனைகள் தாங்களே வீடியோ ஆலோசனையைத் தொடங்கிவிட்டன. அப்படியிருக்க யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? இன்னொரு பாதி பெட்டர்ஹெல்ப், மனநல ஆலோசனை. அங்கே பெரும்பாலும் வாடிக்கையாளரே தன் கைப்பணத்தைக் கட்டுகிறார். ஆனால் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவரவும் விளம்பரத்துக்கு ஏராளமாகச் செலவழிக்க வேண்டும். நிறுத்தினால் வருகை குறையும், தொடர்ந்தால் லாபம் குறையும்.

ஆகவே நீங்கள் காத்திருக்கும் பழைய விலை, அந்தக் காலத்தின் எதிர்பார்ப்பில் வந்த விலை. வைத்திருப்பதா விற்பதா என்று முடிவெடுக்கும்போது வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். இன்று கையில் இந்தத் தொகை ரொக்கமாக இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் போதை மறுவாழ்வுப் பிரிவில் செவிலி. பேர் தெரப்யூடிக்ஸ் செயலி நன்றாக வேலை செய்கிறது என்று படித்திருந்தேன், அமெரிக்க அரசின் அனுமதியும் இருந்தது. அது எப்படித் திவாலாகும்?"

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிற கேள்வி, ஏனென்றால் அந்த நிறுவனம் செய்ய நினைத்தது நல்ல காரியம். ரீசெட் என்ற அவர்களுடைய செயலிக்கு 2017 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதித்தான் அதைத் தர முடியும். போதைப் பழக்கத்தில் இருப்பவருக்கு நடத்தை சிகிச்சையின் பாடங்களைப் பன்னிரண்டு வாரம் போனிலேயே சொல்லிக்கொடுக்கும். பிறகு ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) பழக்கத்துக்கு ஒன்றும் தூக்கமின்மைக்கு ஒன்றும் வந்தன. 2021 டிசம்பரில் சுமார் 160 கோடி டாலர் மதிப்பீட்டில் நாஸ்டாக்கில் பட்டியலானது. 2023 ஏப்ரலில் திவால் மனு. ஏலத்தில் சொத்துகள் போனது ஏறக்குறைய 60 லட்சம் டாலருக்கு.

எஃப்.டி.ஏ. பார்ப்பது பாதுகாப்பானதா, பலன் உண்டா என்று. அதற்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் காப்பீட்டு நிறுவனம் தனியாக முடிவு செய்கிறது. மாத்திரை என்றால் அதற்கென்று ஒரு பட்டியல், ஒரு குறியீடு, பல பத்தாண்டு பழக்கம் எல்லாம் இருக்கிறது. செயலிக்கு எந்தத் தலைப்பில் பணம் கொடுப்பது என்பதே அப்போது தீர்மானமாகியிருக்கவில்லை. மருத்துவர் சீட்டு எழுதுவார், சில நோயாளிகள் அதை இறக்கிக்கொள்வார்கள், அதிலும் ஒரு பகுதிக்குத்தான் பணம் வரும். நோயாளிக்குத் தேவையான, பலன் தரும் சிகிச்சைக்கும் காப்பீட்டாளர்கள் பணம் மறுக்க முடிகிறது என்று அதன் நிறுவனரே பகிரங்கமாக வருந்தினார்.

இப்படி மறுக்கப்பட்ட கோரிக்கைகளை நானே அடுக்கி வைத்திருக்கிறேன். மருத்துவ ரீதியாகச் சரியான கோப்பும் "திட்டத்தில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். உங்கள் பிரிவுக்கு வருபவர்களைப் போல.

முதலீட்டாளருக்கு நான் சொல்வது, "அனுமதி கிடைத்தது" என்ற செய்தியைப் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தர ஒப்புக்கொண்டன என்ற செய்திக்குக் காத்திருங்கள்.

"ஸ்பாக் என்றால் என்ன? சரிந்த நிறுவனங்கள் பல அதன் வழியாக வந்ததாகச் சொல்கிறார்களே?"

முதலில் ஒரு வெற்று நிறுவனம் பங்குச்சந்தையில் பணம் திரட்டும், வழக்கமாகப் பங்குக்கு 10 டாலர். பிறகு உண்மையான ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். வழக்கமான பொதுப் பங்கு வெளியீட்டில் (ஐபிஓ) எதிர்கால வருவாய்க் கணிப்புகளை வெளிப்படையாகப் பேசத் தயங்குவார்கள். இந்த வழியில் அவற்றைத் தாராளமாகக் காட்டினார்கள். 2021-இல் இந்தக் கதவு அகலத் திறந்திருந்தது. பேர் தெரப்யூடிக்ஸ், மரபணுப் பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ, இணையவழி மனநல ஆலோசனை தரும் டாக்ஸ்பேஸ், இணையத்தில் மருந்து விற்கும் ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ், லண்டனின் மருத்துவச் செயலி நிறுவனம் பாபிலோன் எல்லாம் அப்படி வந்தவைதான்.

பாபிலோனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் 420 கோடி டாலர் மதிப்பீட்டில் வந்து, 2023 ஆகஸ்டில் சரிந்தது. நடுவே 2022-இல் வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது! ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வாங்கிக்கொண்டு அவருடைய மருத்துவச் செலவு முழுவதையும் தான் ஏற்கும் ஒப்பந்தங்களால் அந்த வருவாய் வீங்கியது. செலவு தொகையைத் தாண்டும்போது ஒவ்வொரு புதிய நோயாளியும் நஷ்டத்தைக் கூட்டுகிறார். வருவாய் வேகமாக வளர்கிறது என்றால், எதை ஏற்றுக்கொண்டு வளர்கிறது என்று பாருங்கள்.

"23அண்ட்மீயில் பரிசோதனை செய்துகொண்டேன், அந்த ஈர்ப்பில் கொஞ்சம் பங்கும் வாங்கினேன். பங்கு போனது போகட்டும். என் மரபணு விவரம் என்ன ஆகும்?"

நீங்கள் கேள்வியை அடுக்கியிருக்கும் வரிசை சரி. பங்கு போனால் நஷ்டம் ஒரு முறையோடு முடிந்துவிடும். மரபணு உங்களுடையது மட்டுமில்லை, உங்கள் பிள்ளைகளுடையதும் உடன்பிறந்தவர்களுடையதும்கூட.

அந்த நிறுவனத்தின் சிக்கலும் பில்லில்தான் இருந்தது. எச்சிலைக் குழாயில் அனுப்பி ஒரு முறை பணம் கட்டினால் முடிவு வந்துவிடும். அதே மனிதர் இரண்டாவது முறை கட்ட என்ன காரணம் இருக்கிறது? சந்தாத் திட்டம் கொண்டுவந்தார்கள், அது போதவில்லை. ஆகவே அவர்களிடம் மிஞ்சிய பெரிய சொத்து ஏறக்குறைய 1.5 கோடி பேரின் தகவல். 2023-இல் நடந்த ஊடுருவலில் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் திவால் மனு. மருந்து நிறுவனமான ரீஜெனரான் 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. கடைசியில் நிறுவனர் ஆன் வோஜிஸ்கி தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

அமெரிக்காவில் மருத்துவமனைகளின் நோயாளித் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம், இப்படி நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் நிறுவனங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. அதனால் கணக்கின் அமைப்புகள் பக்கத்துக்குப் போய்த் தகவலை அழிக்கும் கோரிக்கையைக் கொடுங்கள். எச்சில் மாதிரியைச் சேமித்து வைக்கச் சம்மதித்திருந்தால் அதையும், ஆராய்ச்சிக்கான சம்மதத்தையும் திரும்பப் பெறுங்கள். சட்டக் கட்டாயத்துக்காகச் சில விவரங்களை வைத்துக்கொள்வதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளிலிருந்தும் எதையும் எடுக்க முடியாது. இருந்தாலும் செய்யுங்கள், இந்த வாரமே.

இது ஒரே ஒரு நிறுவனத்தின் கதையும் இல்லை. 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக, மருந்துத் தள்ளுபடி நிறுவனமான குட்ஆர்எக்ஸுக்கு 15 லட்சம் டாலர் அபராதமும், பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் உத்தரவு பெற்றது. மனம் உடைந்து ஒருவர் நிரப்பிய படிவம் விளம்பரத்துக்குப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"லாபம் ஈட்டும் ஒரு நிறுவனமாவது உண்டா?"

உண்டு. டாக்ஸிமிட்டி, அமெரிக்க மருத்துவர்களுக்கான தொழில்முறை வலைத்தளம். 80 சதவீதத்துக்கு மேற்பட்ட மருத்துவர்கள் அதில் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 57 கோடி டாலர் வருவாயில் 22 கோடிக்கு மேல் நிகர லாபம். பில்லைப் பெரும்பாலும் கட்டுவது மருந்து நிறுவனங்களும் மருத்துவமனைகளும், தங்கள் செய்தியை மருத்துவரிடம் சேர்க்க. வணிகமாக உறுதியானது. மருத்துவரின் கவனம் விற்கப்படுவதில் உங்களுக்குச் சம்மதமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தயக்கம் உண்டு.

ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸும் 2024-இல் லாபம் காட்டியது. அங்கே நோயாளியே நேராகக் கட்டுகிறார், காப்பீட்டுக்காரர் குறுக்கே வருவதில்லை. அதற்கும் பலவீனம் உண்டு. எடை குறைப்பு மருந்தான செமாக்ளூடைடின் தட்டுப்பாடு தீர்ந்தது என்று 2025 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அறிவித்ததும் பங்கு கடுமையாகச் சரிந்தது. தட்டுப்பாடு இருந்தவரைதான், மருந்தகங்களே கலந்து தயாரிக்கும் அதன் பதிப்பைத் தாராளமாக விற்க வழி இருந்தது.

"ஹிஞ்ச் ஹெல்த், ஓமாடா இரண்டும் 2025-இல் சந்தைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?"

இதை வாங்குங்கள் என்று இந்தப் பகுதியில் நான் சொல்வதில்லை. எதைப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஹிஞ்ச், மூட்டு வலி, முதுகு வலிக்கான உடற்பயிற்சியைப் போன் கேமரா வழியே கவனித்துத் திருத்துகிறது. 2021-இல் தனியார் முதலீட்டாளர்கள் 620 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2025 மே மாதம் 32 டாலருக்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு அதில் பாதிகூட இல்லை. இந்த இறக்கம் எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது, 2021-இல் இருந்த மயக்கம் தெளிந்திருக்கிறது.

ஓமாடா, சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கான ஆலோசனைத் திட்டம். 2025 ஜூனில் 19 டாலருக்கு வந்தது. அதன் பதிவு ஆவணத்தில் வாடிக்கையாளர் செறிவு பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். அந்த ஆவணத்தின்படி வருவாயில் பாதிக்கும் மேல் சிக்னா என்ற ஒரே காப்பீட்டுக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் வழியாக வந்தது. ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும், எத்தனை நாள் முன்னறிவிப்பில் முறிக்கலாம் என்பதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள். செயலியின் அழகைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிவிட்டு இதைப் படியுங்கள். ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் அந்த விகிதம் குறைகிறதா கூடுகிறதா என்று குறித்து வையுங்கள். ஏதாவது வரி புரியவில்லை என்றால் பக்க எண்ணோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே படிக்கலாம்.