சாக்லேட் கட்டி புற்றுநோயாக மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 44. எண்டோமெட்ரியோசிஸ் காரணமாக இடது சினைப்பையில் 5 செ.மீ. அளவுக்குச் சாக்லேட் கட்டி இருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ரத்தத்தில் சிஏ-125 அளவு 92 என்று வந்திருக்கிறது. இது புற்றுநோய்தான் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். ஊசி போட்டுக் கட்டியில் உள்ளதை உறிஞ்சிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: அந்த 92 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கலங்க வேண்டாம். சிஏ-125 என்ற ரத்தப் புரதத்தின் அளவு 35-க்குள் இருப்பது இயல்பு என்றாலும், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருந்தாலே அது கூடும். அந்தத் திசுவால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாவதே சாக்லேட் கட்டி. மாதவிடாய் நாட்களில் ரத்தம் எடுத்தாலும் சிஏ-125 கூடும். புற்றுநோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பரிசோதனை அல்ல அது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸிலிருந்து புற்றுநோய் தோன்றக்கூடும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1925-லேயே எழுதினார். இவ்வாறு வருபவை பெரும்பாலும் சினைப்பைப் புற்றுநோயில் கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு என்னும் இரு வகைகள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு முதல் வகையின் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கும், இரண்டாவதன் வாய்ப்பு இரண்டு மடங்கும் கூடுகிறது. மடங்குக் கணக்கு பெரிதாகத் தோன்றினாலும், நோயே அரிது என்பதால், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 100 பெண்களில் வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வருவது சுமார் 2 பேருக்குத்தான். கிளியர் செல் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் ஏஆர்ஐடி1ஏ என்ற மரபணு பழுதடைந்திருப்பது 2010-ல் கண்டறியப்பட்டது. சிலருக்கு, புற்றை ஒட்டியிருந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் அதே பழுது காணப்பட்டது. இவ்வகைப் புற்று எண்டோமெட்ரியோசிஸிலிருந்துதான் கிளம்புகிறது என்பதற்கு வலுவான சான்று.

உங்கள் ஸ்கேன் அறிக்கையில் பார்க்க வேண்டியது கட்டியின் உட்சுவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். சாதாரணச் சாக்லேட் கட்டியில், தேங்கிய பழைய ரத்தம் எங்கும் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறமாகத் தெரியும். உட்சுவரிலிருந்து திடமான முகிழ்ப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அதற்குள் ரத்த ஓட்டமும் தெரிந்தால் அங்கேதான் சந்தேகம் எழ வேண்டும். உறைந்த ரத்தமும் சில வேளை முகிழ்ப்புப் போலவே தோன்றும் என்பதால், அடுத்ததாக மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், உயிருள்ள திசு அந்த மருந்தை ஏற்றுப் பளிச்சிடும், உறைந்த ரத்தம் பளிச்சிடாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும், புற்று இல்லாமலேயே இத்தகைய முகிழ்ப்பு தோன்றுவதுண்டு. அறிக்கையில் திடப்பகுதி எதுவும் இல்லையென்றால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தவறாமல் ஸ்கேன் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் தீரும்வரை ஊசிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே புற்று இருந்து, ஊசி குத்தும்போது அது வயிற்றுக்குள் சிந்திவிட்டால், அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடிய நோய்க்குக் கீமோதெரபியும் தேவைப்படலாம். சந்தேகமுள்ள கட்டியை உடையாமல் முழுதாக எடுத்து, நோயியல் சோதனைக்கு அனுப்புவதே முறை.

கேள்வி: என் அக்காவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. முன்பிருந்த சாக்லேட் கட்டி இப்போது பெரிதாகியிருக்கிறது. போன மாதம் காலில் ரத்தம் கட்டிச் சிகிச்சை பெற்றார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். மாதவிடாய் நின்றபின் இக்கட்டிகள் பொதுவாகச் சுருங்கும். அதற்கு மாறாக வளர்வதே எச்சரிக்கை. தவிர, கிளியர் செல் புற்றில் காலின் ரத்தக்குழாயில் (சிரையில்) ரத்தம் உறைவது மற்ற சினைப்பைப் புற்றுகளைவிட அதிகம். இந்த வாரமே பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலுக்குத் தந்த மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை அறுவைக்கு முன் மாற்றியமைக்க நேரும். திசுச் சோதனையில் எண்டோமெட்ரியாய்டு வகை என்று வந்தால், கருப்பையின் உட்சவ்விலும் புற்று உள்ளதா என்று பார்க்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. குடும்பத்தில் யாருக்கேனும் குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இப்புற்றுகளுக்கு வழிவகுக்கும் லிஞ்ச் என்ற பரம்பரைக் குறைபாடு உறுதியானால், உடன்பிறந்தவரான நீங்களும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.