மச்சான் சொன்ன சீட்டும் பாப்பா சொன்ன பிங்க் கலரும்

அண்ணே, நேத்து போன்ல ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி வெச்சுட்டேன், அப்புறம் எனக்கே உறுத்துச்சு, அதான் எழுதுறேன். உங்க பொண்ணு பாப்பாவுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு வாங்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதீங்க. வேணாம். உங்க மச்சான் யோசனை சொல்லுவாரு, வட்டி கட்டப்போறது நீங்கதான்.

பாப்பாகிட்ட தனியா பேசினேன்ல, கம்ப்யூட்டர் பத்தி ஒரு வார்த்தை வரல. லேப்ல சொட்டுச் சொட்டா விட்டு அளவு பாக்குற டைட்ரேஷன்ல ஒரே சொட்டுல மொத்த தண்ணியும் பிங்க் ஆகுமே, அதைத்தான் பத்து நிமிஷம் சொன்னா.

கெமிஸ்ட்ரி படிச்சா டீச்சர் வேலைதானேன்னு கேட்டீங்க. பிளாஸ்டிக்ல கரண்ட் போகாதுன்னு நாம படிச்சோம்ல, 1977ல ஷிராகவா, மெக்டயர்மிட், ஹீகர் மூணு விஞ்ஞானிங்களும் பாலிஅசிட்டிலீன்ங்குற பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்ல அயோடின் ஏத்தி கரண்ட் போக வெச்சுட்டாங்க, 2000ல நோபலே குடுத்தாங்க. அந்த கரண்ட் போற பிளாஸ்டிக் குடும்பத்துல பாலிஅனிலீன்னு ஒண்ணு, அனிலீன்ங்குற திரவத்தை ஆசிட்ல கலந்து அம்மோனியம் பெர்சல்பேட்ங்குற உப்புக் கரைசலை ஊத்தினா கொஞ்ச நேரத்துல கரும்பச்சையா திரண்டு வரும், சாதா காலேஜ் லேப்லயே செய்யலாம். அந்தப் பச்சைப் படலத்துகிட்ட அம்மோனியா பாட்டிலைத் திறந்தா நீலமாயிடும், கரண்டைத் தடுக்குற ரெசிஸ்டன்ஸும் எகிறும். மீன் கெட்டா வர்ற வாடையும் அந்த ஜாதி வாயுதான், அதனால மீன் பாக்கெட்டுலயே கலர் மாறிக் காட்டுற சென்சாருக்கு இதை வெச்சு ஆராய்ச்சி நடக்குது. சொட்டுல பிங்க் ஆனதுக்கே கண்ணு விரிஞ்ச புள்ளைக்கு இது எப்படி இருக்கும்னு யோசிங்க.

உங்க அம்மா விரலைக் குத்தி சுகர் பாக்குறாங்கல்ல, அந்த மாதிரி ஸ்ட்ரிப் பலதுல இருக்குறது குளுக்கோஸ் ஆக்சிடேஸ்ங்குற என்சைம். அதே என்சைமை பைரோல்ங்குற கெமிக்கல் கலந்த தண்ணியில போட்டு, உள்ள வெச்ச எலக்ட்ரோடுக்கு வோல்டேஜ் குடுத்தா, அதே குடும்பத்து பாலிபைரோல் படலம் அது மேல வளரும்போதே என்சைமும் உள்ள சிக்கிக்கும், தனியா ஒட்ட வைக்க வேணாம். ஆனா நாளாக நாளாக என்சைம் செத்துடும், சிக்னலும் தடுமாறும், அதை சரி பண்ணத்தான் இன்னும் மல்லுக்கட்டுறாங்க.

வழி இதுதான். கவர்மென்ட் காலேஜ்ல பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, ஜாம்ங்குற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்.எஸ்சி, அப்புறம் நெட் பரீட்சையில ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகை அடிச்சா பிஎச்.டி படிக்கும்போதே மாசம் 37,000 வரும். இல்ல பி.டெக்தான் வேணும்னா, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் குடுத்து வந்த காரைக்குடி சிக்ரிங்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் இருக்கு, அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்லயே போகலாம், நம்ம சொந்தக்காரங்க ஒருத்தர் வாயிலயும் அந்தப் பேரு வந்து நான் கேட்டதில்ல.

பி.எஸ்சி முடிச்ச கையோட பெரிய சம்பளம் வராது, அதையும் சொல்லிடுறேன், பொறுமை இல்லன்னா இந்தப் பக்கம் வராதீங்க. ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.