துணைவியின் பிள்ளைகளைக் கப்பலில் கூட்டிப்போக யார் யாருடைய கையெழுத்து வேண்டும்?

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். என் துணைவிக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. இருவரும் இங்கேயே பிறந்தவர்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர்களுடைய அப்பா லெஸ்டரில் இருக்கிறார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு வந்து கூட்டிப்போவார். விவாகரத்து முடிந்துவிட்டது. பிள்ளைகள் பற்றிக் கோர்ட் ஆர்டர் எதுவும் இல்லை, பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடுதான். நாங்கள் இருவரும் போன வருடம் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் செய்தோம், ரெஜிஸ்டர் செய்யவில்லை. ஆகஸ்டில் சவுத்தாம்டனிலிருந்து லா கொருன்யா, லிஸ்பன் போய்வரும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம். துணைவி நர்ஸ். இப்போது அவருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நானும் என் அம்மாவும் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறோம். துணைவி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமா? முன்னாள் கணவரிடம் போய் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பதில்: போதாது. அப்பாவின் சம்மதமும் வேண்டும். மீதிப் பணம் கட்டுவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.

மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் இதை உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயமாகப் பார்ப்பதில்லை. 1989ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தில் 'பெற்றோர் பொறுப்பு' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய பெரிய முடிவுகளில் யாருக்குச் சொல் உண்டு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பெற்ற அம்மாவுக்கு அது தானாகவே உண்டு. அம்மாவைத் திருமணம் செய்திருந்த அப்பாவுக்கும் உண்டு. (திருமணம் செய்யாத அப்பா என்றாலும், 2003 டிசம்பர் 1 முதல் பதிவான பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருந்தால் போதும்.) விவாகரத்து அந்தப் பொறுப்பை எடுத்துவிடாது. பிள்ளைகள் யார் வீட்டில் தூங்குகிறார்கள், யார் செலவு செய்கிறார்கள் என்பதும் எடுத்துவிடாது. ஆகவே லெஸ்டரில் இருப்பவர் இன்றைக்கும் முழு அப்பா.

பெற்றோர் பொறுப்பு உள்ள எல்லோருடைய சம்மதமும் இல்லாமல், அல்லது கோர்ட் அனுமதி இல்லாமல், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நாட்டுக்கு வெளியே கூட்டிப்போவது 1984ஆம் ஆண்டு பிள்ளைக் கடத்தல் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். அந்தச் சட்டத்தின் வார்த்தையைக் கவனியுங்கள்: கூட்டிப்போனாலோ, அனுப்பினாலோ. லீவு கிடைக்காமல் வீட்டில் இருக்கப்போகும் உங்கள் துணைவிதான் 'அனுப்புகிறவர்'. நீங்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு காரியத்தில் அவர் தலையில் வழக்கு விழக்கூடாது. ஒரு வார விடுமுறைக்கு யாரும் கைதாகிவிடுவார்கள் என்று பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் இருக்கும் ஒரு அப்பா பயணத்துக்கு முதல் நாள் போலீஸுக்குப் போன் செய்தால், துறைமுகத்தில் நிற்கப்போவது பிள்ளைகள்.

கோர்ட் ஆர்டர் இருந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். பிள்ளைகள் அம்மாவுடன் வாழ வேண்டும் என்று ஆர்டர் இருந்தால், அந்த அம்மா ஒரு மாதத்துக்குக் குறைவாக, மற்றவரின் சம்மதம் இல்லாமலே வெளிநாடு கூட்டிப்போகலாம். ஆனால் அந்தச் சலுகை ஆர்டரில் பெயர் உள்ளவருக்குத் தரப்பட்டது. அதை வைத்துக்கொண்டு துணைவர் தனியாகக் கிளம்புவது நல்லதல்ல. உங்களிடம் ஆர்டரே இல்லை என்பதால் இந்த வழி எப்படியும் உங்களுக்குத் திறக்காது.

அடுத்தது உங்கள் நிலை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் தாலி கட்டுவது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. கோயில் திருமணப் பதிவுக்கு அனுமதி பெற்ற கட்டடமாக இருந்து, பதிவுக்குரியவர் முன்னிலையில் பதிந்திருந்தால் ஆகும். இல்லாவிட்டால் ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். மதச் சடங்கு மட்டும் செய்துகொண்ட ஒரு தம்பதியின் வழக்கில் 2020ல் அப்பீல் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர் உறவு முழுக்க உங்களைக் கணவன் மனைவி என்று ஏற்றுக்கொண்டிருக்கலாம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் 'அம்மாவின் துணைவர்'. ரெஜிஸ்டர் செய்த பிறகு, பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் உங்களுக்கும் பெற்றோர் பொறுப்பு கிடைக்க வழி இருக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் கோர்ட்டிடம் கேட்கலாம். பிள்ளைகளோடு பல வருடம் வாழப்போகிறவர் நீங்கள். பள்ளி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அது உதவும், யோசியுங்கள். ஆனால் அது கிடைத்தாலும் அப்பாவின் சம்மதம் தேவைப்படும். அவருக்குப் பதிலாக நீங்கள் வர மாட்டீர்கள், அவரோடு கூடச் சேர்வீர்கள்.

சரி, எப்படிக் கேட்பது? நீங்கள் கேட்க வேண்டாம், உங்கள் துணைவி கேட்கட்டும். போனில் பேசிவிட்டு, பேசியதை அன்றைக்கே எழுத்தில் அனுப்பட்டும். கப்பல் பெயர், புறப்படும் தேதி, எந்த நாளில் எந்தத் துறைமுகம், திரும்பும் நேரம், யார் யார் கூட வருகிறார்கள், எல்லாம் இருக்கட்டும். தான் வரவில்லை என்பதை மறைக்கவே கூடாது. அம்மாவோடு போகிறார்கள் என்று நினைத்து ஒருவர் கொடுத்த சம்மதம், அம்மா இல்லாத பயணத்துக்குச் சம்மதம் ஆகாது. காலண்டரையும் பாருங்கள். ஏழு இரவில் அவருடைய சனி, ஞாயிறு ஒன்று மாட்டக்கூடும். மாட்டினால், அதற்குப் பதிலாக எந்த நாள் தருகிறீர்கள் என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில், மறுக்கிற அப்பாக்களில் பாதிப்பேர் பயணத்தை மறுப்பதில்லை. தங்கள் நாள் கேட்காமல் போய்விட்டதே என்ற வருத்தத்தைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள்.

அவர் 'சரி, கூட்டிப் போகச் சொல்லுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் அதுவும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் கையெழுத்துப் போட்ட கடிதமாக வாங்குங்கள். பிரிட்டிஷ் எல்லையிலும் வெளிநாட்டு எல்லையிலும் கேட்டால் காட்டுவதற்கு அப்படி ஒரு கடிதம்தான் பொதுவாக வேண்டியது. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

'இன்ன தேதியில் பிறந்த, இன்ன பாஸ்போர்ட் எண் கொண்ட என் மகனும் மகளும், தங்கள் அம்மாவின் துணைவரான இன்னாருடனும் அவருடைய தாயாருடனும், இன்ன தேதியில் சவுத்தாம்டனிலிருந்து இன்ன கப்பலில் புறப்பட்டு, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் உள்ள இந்தத் துறைமுகங்களுக்குப் போய், இன்ன தேதியில் சவுத்தாம்டனுக்கே திரும்பி வர, அப்பா என்ற முறையில் முழுச் சம்மதம் தருகிறேன். அவர்களுடைய அம்மா இந்தப் பயணத்தில் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பயணத்தில் பிள்ளைகளுக்கு அவசர மருத்துவ சிகிச்சை தேவைப்பட்டால், என்னைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில், இன்னார் சம்மதம் தரலாம். என்னை எந்த நேரமும் இந்த எண்ணில் அழைக்கலாம்.'

கீழே பெயர், முகவரி, போன், தேதி, கையெழுத்து. கூடவே அவருடைய பாஸ்போர்ட்டின் படப் பக்கத்து நகல். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். இதே மாதிரி இன்னொரு கடிதம் அம்மாவும் தர வேண்டும், அவரும் கூட வரவில்லையே. அம்மாவின் கடிதத்தை மறந்துவிட்டு அப்பாவின் கடிதத்தை மட்டும் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

கையெழுத்துக்குச் சான்று முத்திரை போடும் நோட்டரியிடம் (நொத்தாரிசு) போக வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. இங்கே எல்லைக்காக அது தேவையில்லை. ஆனால் கப்பல் கம்பெனிக்குத் தனி விதி இருக்கலாம். பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்குத் தங்களுடைய படிவத்தையே நிரப்பச் சொல்லும் கம்பெனிகளும், நோட்டரி முத்திரை கேட்கும் கம்பெனிகளும் உண்டு. முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒருவர் சொன்னார் என்பது செக்-இன் கவுன்ட்டரில் எடுபடாது. இன்னொன்று: இங்கே சொலிசிட்டர் எல்லோரும் நோட்டரி அல்ல. நோட்டரி தனி, கட்டணமும் கூடுதல். வெறும் சத்தியப் பிரமாணம் போதும் என்றால் எந்தச் சொலிசிட்டரிடமும் செய்யலாம். அதற்கு 5 பவுண்ட், இணைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 2 பவுண்ட், அவ்வளவுதான்.

இனி நம் ஆட்களுக்கே உரிய சிக்கல், பெயர். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அவர்கள் அப்பாவின் பெயர் இருக்கும். துணைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பாவின் பெயரோ, பழைய கணவரின் பெயரோ இருக்கும். உங்கள் பின்னால் உங்கள் அப்பா. உங்கள் அம்மாவின் பின்னால் வேறு யாரோ. ஒரே மேசையில் சாப்பிடும் குடும்பத்துக்கு நாலு 'குடும்பப் பெயர்'. தந்தை பெயரைத்தான் நாம் கடைசியில் போடுகிறோம் என்பது எல்லை அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப்போங்கள். சின்னச் சான்றிதழ் அல்ல, அதில் பெற்றோர் பெயர் இருக்காது. அம்மா, அப்பா பெயர் இரண்டும் உள்ள முழுச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்து வாங்கலாம். விவாகரத்து ஆணையின் நகலும் கூட இருக்கட்டும்.

பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அதிகாரிகள் சில சமயம் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள்: இவர் யார்? வீட்டில் 'சித்தப்பா' என்று கூப்பிடும் பிள்ளை ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று சொல்லும். உங்கள் கையில் உள்ள கடிதத்தில் 'அம்மாவின் துணைவர்' என்று இருக்கும். பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் இரண்டும் ஒத்துப்போகாதது போல ஒலிக்கும். எட்டு வயதுக் குழந்தையை வசனம் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். இப்படிக் கேட்டால் 'அம்மாவோட பார்ட்னர், எங்களோட வீட்ல இருக்கார், அப்பாவுக்குத் தெரியும்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்னாலேயே அவளிடம் பேசி வையுங்கள்.

மருத்துவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெற்றோர் பொறுப்பு இல்லாவிட்டாலும், பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருக்கும்போது அதன் நலனுக்காக நியாயமானதைச் செய்ய சிறுவர் சட்டத்தின் 3ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் லிஸ்பனில் ஒரு டாக்டர் இங்கிலாந்துச் சட்டப் பிரிவைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். அதற்காகத்தான் கடிதத்தில் அந்த வரி. கப்பலுக்குள் உள்ள மருத்துவ மையம் தனியார், பணம் கேட்பார்கள். வெளிநாட்டுச் சிகிச்சைக்காகப் பிரிட்டன் தரும் ஜிஹெச்ஐசி அட்டை அங்கே செல்லாது, கரையில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில்தான் உதவும். கப்பல் பயணத்தையும் சேர்த்த இன்சூரன்ஸ் எடுங்கள். பிள்ளைகள் பெயரைத் தனித்தனியாக அதில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். குடும்பப் பாலிசி துணைவரின் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்ளும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அம்மாவின் பாஸ்போர்ட் இலங்கையோ இந்தியாவோ என்றால் அவருக்கு ஷெங்கன் விசா (ஸ்பெயின், போர்ச்சுகல் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளிலிருந்து மூன்று மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அப்பா மறுத்துவிட்டால்? முதலில் காரணத்தைக் கேளுங்கள். அப்புறமும் வழியில்லை என்றால் உங்கள் துணைவி குடும்ப நீதிமன்றத்தில் சி100 படிவத்தில் இந்தப் பயணத்துக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். அதற்கு முன், சில விதிவிலக்குகள் தவிர, சமரசப் பேச்சு பற்றிய தகவல் கூட்டம் ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும். கோர்ட் பார்ப்பது பிள்ளைகளின் நலனை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகள், பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப அங்கே வழி இருக்கிறது. போய்வரும் டிக்கெட், விவரமான திட்டம் எல்லாம் உங்கள் பக்கம் நிற்கும். ஆனால் காலம் எடுக்கும், அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன். அவர் பதிலே சொல்லாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா முயற்சியும் செய்தும் தொடர்புகொள்ள முடியவில்லை என்பதற்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. லெஸ்டரில் இருந்து மாதம் இரண்டு தடவை வாசலுக்கு வரும் மனிதர் விஷயத்தில் அது நிற்காது.

கடைசியாக, கடிதங்களை எங்கே வைப்பது என்பது. சவுத்தாம்டனில் பெரிய பெட்டிகளை டெர்மினல் வாசலிலேயே ஆட்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலம் அறை வாசலில்தான் திரும்பப் பார்க்க முடியும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் எல்லாக் காகிதமும் ஒழுங்காகத் தயார் செய்து, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டது. கவுன்ட்டரில் கடிதம் கேட்டபோது பெட்டி கப்பலுக்குள். அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் தன் கடையிலிருந்து மறுபடி எழுதி, படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். அதுவரை அந்தச் சின்னப் பெண் தன் முதுகுப்பையைக் கழற்றாமல், 'நாம ஏதாவது தப்பு செஞ்சிட்டோமா?' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அசல் கடிதம் இரண்டும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், நகல் உங்கள் அம்மாவின் கைப்பையில்.