சிகிச்சைக்குப் பிறகும் ரத்தப் புற்றுநோய் ஏன் திரும்புகிறது? புற்றுநோய் ஸ்டெம் செல் என்பது என்ன?

புற்றுச் செல்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலானவை கொஞ்ச காலம் பெருகி ஓய்ந்துவிடும், ஆனால் ஒரு சிறு கூட்டம் மட்டும் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டு மற்ற புற்றுச் செல்களையும் பிறப்பித்தபடியே இருக்கும். அதுதான் புற்றுநோய் ஸ்டெம் செல்.

1994-ல் கனடாவின் டொரான்டோவில் ஆய்வாளர் ஜான் டிக்கின் குழுவினர் அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களை, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அபூர்வமான ஒரு வகைச் செல்தான் நோயை மறுபடி உருவாக்கியது. 2003-ல் மார்பகப் புற்றிலும் இப்படிப்பட்ட செல்கள் தெரியவந்தன.

பல கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களையே தாக்கும். ரத்தப் புற்றுநோயின் ஸ்டெம் செல்களோ பெரும்பாலும் எலும்பு மஜ்ஜைக்குள் பிரியாமல் உறங்கிக் கிடப்பதால் தப்பித்துவிடுகின்றன. கோரைப்புல்லை மேலாக அறுத்தால் நிலம் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் அடியில் கிழங்கு இருக்கிறதே, அப்புறம் முளைக்காமல் என்ன செய்யும்? சரி, கிழங்கையே தோண்டிவிடலாமே என்றால், ரத்தத்தை உருவாக்கும் நல்ல ஸ்டெம் செல்லும் கிட்டத்தட்ட அதே அடையாளங்களோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றி இதை மட்டும் அழிப்பதுதான் ஆய்வாளர்களை இன்றும் திணறவைக்கிற வேலை.

பலர் பயப்படுவதுபோல ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் இந்தப் புற்றுச் செல்களை ஏற்றுவதில்லை, அங்கே கொடுப்பது ரத்தத்தை உருவாக்கும் ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை.