இருட்டைக் கெடுக்காத டிஸ்க் எது? நுவார் கேள்வி பதில்

பழைய ஹாலிவுட் நுவார் படங்களை (இருளும் நிழலும் குற்றமும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்) டிஸ்க்கில் சேர்த்துச் சேர்த்து வீட்டில் திட்டு வாங்குகிறவன் என்பதுதான் என் தகுதி. கதையைப் பற்றி யாரும் எழுதலாம். என்னிடம் பிரிண்டைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (கோவை): சார், 'டபுள் இன்டெம்னிட்டி' 4கே வாங்கினேன். படம் முழுக்க மணல் தூவினது போல இருக்கிறது. பழைய டிவிடியே பளிச்சென்று இருந்தது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. நீங்கள் பார்ப்பது ஃபிலிமின் இயல்பான கிரெய்ன், அதாவது படச்சுருளிலேயே இருக்கும் பொடிப்பொடிப் புள்ளிகள். 1944இல் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், படத்தில் வரும் நாயகியின் வீட்டு வரவேற்பறையில் நாள்பட்ட தூசி மிதப்பது தெரியவேண்டும் என்று அலுமினியத் துகள்களைக் காற்றில் விட்டு, ஜன்னல் பட்டைகளின் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சினார். கிரெய்னைத் துடைக்கிற மென்பொருளுக்கு ஃபிலிமின் புள்ளி எது, சைட்ஸ் மெனக்கெட்டு விட்ட தூசி எது, நாயகி பார்பரா ஸ்டான்விக்கின் தோல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூன்றையும் வழித்துவிடும். மிஞ்சுவது மெழுகு பொம்மை. அந்தப் 'பளிச்' உங்கள் டிவியின் கைங்கரியமாகவும் இருக்கலாம். ஷார்ப்னஸைக் குறையுங்கள், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். இதை இன்று இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

கேள்வி (சென்னை): அமெரிக்க ப்ளூரே நம்மூர் பிளேயரில் ஓடுமா?

பதில்: ப்ளூரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று ரீஜன்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ ரீஜன், இந்தியாவும் இலங்கையும் சி. பூட்டுப் போட்ட டிஸ்க் என்றால் ஓடாது. பழைய படங்களை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைடீரியனின் ப்ளூரேக்களில் பெரும்பாலும் பூட்டு உண்டு. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூட வருகிற ப்ளூரேக்கு இருக்கலாம்.

கேள்வி (திருச்சி): 'டீடூர்' எங்கே பார்த்தாலும் இலவசமாகக் கிடைக்கிறது. எதற்குக் காசு கொடுக்கவேண்டும் அண்ணா?

பதில்: இலவசம் என்பதால்தான் தம்பி. காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் அது பொதுச்சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றால், நகலை நகலெடுத்து அதையும் நகலெடுப்பார்கள். நானும் ஒரு காலத்தில் ஐம்பது படம் அடங்கிய மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் நாயகி ஆன் சாவேஜுக்கு முகமே இல்லை. வெள்ளைத் தட்டில் இரண்டு ஓட்டை. இயக்குநர் எட்கர் உல்மர் கையில் காசு இல்லாமல், நியூயார்க் தெருவை செயற்கை மூடுபனியால் மறைத்து எடுத்தார். அந்தப் பெட்டியில் மூடுபனி எங்கே முடிகிறது, கெட்ட பிரிண்ட் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவ் 2018இல் மீட்டெடுத்த வடிவத்துக்கு பெல்ஜியத்து ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதி பெரிதும் கைகொடுத்தது. 2019இல் கிரைடீரியன் அதை ப்ளூரேயாக விட்டது. 68 நிமிடப் படம். அதில்தான் பாருங்கள். 'ஒரே டிஸ்க்கில் பத்து த்ரில்லர்' என்று அட்டையில் போட்டிருந்தால் தொடாதீர்கள்.

கேள்வி (லண்டன்): 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' ப்ளூரே 97 நிமிடம். என் பழைய ஐரோப்பிய டிவிடி 93தான். எந்தக் காட்சியை வெட்டினார்கள்?

பதில்: எதையும் வெட்டவில்லை. ஐரோப்பாவில் பால் (PAL) என்கிற டிவி முறை (கறக்கிற பால் அல்ல). நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படத்தை 25 ஆக ஓட்டுவார்கள், நான்கு சதவீதம் வேகமாக. நாலு நிமிடம் அங்கேதான் போனது. குரலும் பெரும்பாலும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். நாயகன் ராபர்ட் மிட்சமின் அந்தத் தூக்கக்கலக்கக் குரலுக்கு இது அநியாயம்.

கேள்வி (மதுரை): 'டச் ஆஃப் ஈவில்' மூன்று வடிவம் என்கிறார்கள். எது?

பதில்: 1958இல் தியேட்டருக்கு வந்தது சுமார் 95 நிமிடம். தயாரித்த யுனிவர்சல் நிறுவனம் இயக்குநர் ஆர்சன் வெல்ஸை ஒதுக்கிவிட்டு, வேறு இயக்குநரை வைத்துச் சில காட்சிகள் எடுத்துச் சேர்த்தது. வெல்ஸ் அதைப் பார்த்துவிட்டு 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். 1970களில் முன்னோட்டத்துக்காகத் தயாரித்த நீளமான வடிவம் ஒன்று கிடைத்தது. 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்து மூன்றாவது வடிவத்தைத் தொகுத்தார். தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டில்லாமல் ஓடும் ஷாட்டிலிருந்து எழுத்துகளையும் இசையமைப்பாளர் மான்சினியின் இசையையும் எடுத்துவிட்டு, தெருவில் கேட்கும் பாட்டுகளை வைத்தார். முதலில் 1998ஐப் பாருங்கள். கினோ லார்பர் நிறுவனம் 2022இல் விட்ட 4கே பெட்டியில் மூன்றும் இருக்கின்றன. சட்டகம் 1.85, அதாவது உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): 1.85 என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள். மேலேயும் கீழேயும் நறுக்கின படம் அது. வெல்ஸ் 1.37க்குத்தான் எடுத்தார்.

பதில்: 1953க்குப் பிறகு ஹாலிவுட் அகலத்திரைக்குப் போய்விட்டது. கேமரா முழுச் சட்டகத்தையும் பதியும். தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து ஓட்டுவார்கள். 1958இல் மக்கள் பார்த்தது அதைத்தான். 1.37இல் தலைக்கு மேல் எவ்வளவு வெற்றிடம் என்று பாருங்கள்.

அவரே மறுபடி: வெற்றிடம் இல்லை ஐயா, கூரை! கேமராவைத் தரையில் வைத்துக் கூரையைக் காட்டுவது வெல்ஸின் கையெழுத்து. அதை வெட்டிவிட்டு எதைப் பார்க்கிறீர்கள்?

பதில்: கூரையைக் காட்டுவது வேறு, தெரியாத்தனமாகக் கூரை தெரிவது வேறு. எல்லாக் காட்சியிலும் கூரை அடக்கமாக வரவில்லையே. ஆனால் வெளியே நியான் விளக்கு விட்டுவிட்டு எரிய, ஓட்டல் அறையில் கிராண்டியைக் கொல்லும் காட்சியில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2011இல் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா என்ற பிரிட்டிஷ் வரிசையில் வந்த ப்ளூரே இதனால்தான் இரண்டு அளவையும் போட்டது.

கேள்வி (சேலம்): சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். பழைய படம் போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை வருகிறது. திரையை எப்படி நிரப்புவது?

பதில்: நிரப்பாதீர்கள். அந்தப் படங்கள் அந்த வடிவத்தில் எடுக்கப்பட்டவை.

கேள்வி (புதுச்சேரி): 'கிஸ் மீ டெட்லி' டிஸ்க்கில் கடைசி வீடு வெடித்ததும் சட்டென்று முடிகிறது. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, குறை. பல பத்தாண்டுகள் ஓடிய பிரதிகளில் கடைசி ஒரு நிமிடத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. 1997இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அதில் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன்.

கேள்வி (கோவை, வேறொருவர்): முகமெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி...

பதில்: ஷார்ப்னஸ். மேலே பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தமிழில் இந்த வகை?

பதில்: 1954, எஸ். பாலச்சந்தர், 'அந்த நாள்'. பாட்டே கிடையாது. மற்றதைத் தமிழ்ப் படம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்: அந்தக் கொலைக் காட்சியை 1.37இல் ஒருக்கா போட்டுப் பாருங்கோ. பிறகு கதைப்போம்.

பதில்: சரி, இன்று ராத்திரி போடுகிறேன். டிஸ்க்கை எங்கே வைத்தேன் என்று முதலில் தேடவேண்டும்.

கேள்வி (கோலாலம்பூர்): அமெரிக்க ப்ளூரே எங்கள் பிளேயரில்...

பதில்: நீங்களும் ஏ. ஓடும்.